ஒரு வயதுக் குட்டிக்குத் தனி வகுப்பு வேண்டும்

பிரிட்டனின் கோடைக் கண்காட்சிகளில் நாட்டு மட்டக்குதிரைகளுக்குப் போட்டி நடத்தும் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். ஸ்காட்லாந்தில் ஹைலேண்ட் இனப் பெட்டைக்குட்டி ஒன்றை வளர்த்து, கையில் பிடித்து நடத்திக்காட்டும் போட்டிகளுக்குக் கூட்டி வருகிறேன். அதற்குப் பரிசு கேட்டு எழுதவில்லை. இளங்குட்டிகளின் வகுப்பை, அதாவது போட்டிப் பிரிவை, நீங்கள் அமைக்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சிறிய கண்காட்சிகள் பலவற்றில் ஒன்று முதல் மூன்று வயது வரை எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே வகுப்பு. பெரிய இனங்கள் என்று சேர்த்துவிடுவதால் கானமாரா, வெல்ஷ் காப், ஃபெல், ஹைலேண்ட் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மூன்று வயது வெல்ஷ் காப் முழங்காலைத் தூக்கி ஓடினால் கண் அங்கேதான் போகும். பக்கத்தில் நிற்கும் ஒரு வயது ஹைலேண்டைப் பாருங்கள்: புட்டம் உயர்ந்து, தோள் தாழ்ந்து, குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்த கோலம். போதாததற்கு, வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் மாறிவிடுகிறது. ஜூனில் பிறந்த குட்டி, மார்ச்சில் பிறந்ததோடு சரிசமமாக நிற்க வேண்டும். அந்த வயதில் மூன்று மாதம் சாதாரண இடைவெளியா?

எந்தக் குதிரைக்கும் முதுகெலும்பின் வளர்தட்டுகள் (எலும்பு வளரும் குருத்துப் பகுதிகள்) மூட ஐந்தாறு வயதாகும். ஹைலேண்ட் அதற்குப் பிறகும் மார்பும் இடுப்பும் விரிந்துகொண்டே இருக்கும் இனம். உயர வரம்பு 148 செ.மீ.தான், ஆனாலும் வேட்டையாடிய மானை மலையிலிருந்து சுமந்து இறக்கிய உடம்பு அது. இரண்டு வயதில் ஒல்லியாக, கோணலாக நிற்பது குறையல்ல, அந்த இனத்தின் வழக்கம்.

இது தெரிந்தும் பலர் குட்டிக்குத் தீவனத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். காரணம் பரிசு ரிப்பன். உருண்டு திரண்ட குட்டி 'முதிர்ச்சியாக' தெரிகிறது, முதலிடம் வாங்குகிறது. மறுவாரம் மற்ற லாயங்களிலும் வாளி நிரம்புகிறது. சத்துக் குறைந்த மலைப்புல்லில் பிழைக்கப் பழகிய இனத்துக்கு இந்தச் சத்து நஞ்சு. கழுத்து மேட்டில் கொழுப்பு கெட்டிப்படும், இன்சுலின் ஏறும், கடைசியில் லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய். அது வந்த குட்டி தரையில் கால் ஊன்றப் படும் பாட்டைக் கண்டவர்கள் கொழுப்பை அழகென்று சொல்ல மாட்டார்கள். தோளின் சாய்வு சரியில்லை என்றாலும் கொழுப்பு மூடி மறைத்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

நாட்டு இனங்களை இயற்கைத் தோற்றத்தில்தான் காட்ட வேண்டும் என்பதில் நீங்கள் கறாரானவர்கள். ஹைலேண்டின் பிடரிமயிரைப் பின்னிக்கொண்டு வந்தாலே முகம் சுளிக்கிறீர்கள். (சுளிக்கத்தான் வேண்டும்.) அந்தக் கறார் விலாவுக்கும் இருக்கட்டும். நடுவர்களே, கண்ணை மட்டும் நம்பாதீர்கள். கையை வைத்து அழுத்திப் பாருங்கள். விலா எலும்பு தட்டுப்படாத குட்டியைப் பரிசு வரிசையில் கீழே இறக்குங்கள். ஏன் இறக்கினீர்கள் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

குழுவினரே, அடுத்த ஆண்டின் போட்டி அட்டவணை அச்சுக்குப் போகும் முன் ஒரு வயதுக் குட்டிகளுக்கு ஒரு வகுப்பைப் பிரித்துவிடுங்கள். மூன்று குட்டிகள்தான் வரும், கட்டுப்படியாகாது என்பீர்கள். நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஹைலேண்ட் குட்டி வளர்ப்பவள்