ஏழு மணிக்கு மேல் ஃபிக்ஸ் போனால் மெஷினைத் திட்டாதீர்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன பங்குனியில் ரங்கூனுக்கு அருகே தான்லின் பக்கம் அஸ்திவாரத் தூண் (பைல்) அடிக்கும் வேலைக்கு வாடகைக்குப் போன ஆர்.டி.கே. செட் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. செயற்கைக்கோள் சிக்னலை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தை அளக்கும் கருவி இது; அந்தத் துல்லியம் கிடைத்து நிற்பதைத்தான் 'ஃபிக்ஸ்' என்போம். "ராத்திரி ஃபிக்ஸே நிக்கலண்ணே, மெஷின் கோளாறு" என்றார் கொண்டுவந்த தம்பி. நாங்களும் ஆன்டெனா கேபிளை மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டோம். மனசு கேட்காமல் அன்று மாலை செட்டைக் கடை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன். ஏழரை வரை ஃபிக்ஸ் அசையவில்லை. ஏழே முக்காலுக்குத் தெற்குப் பக்கச் செயற்கைக்கோள்களின் சிக்னல் ஒவ்வொன்றாகத் துள்ள ஆரம்பித்தது. ஃபிக்ஸ், துல்லியம் குறைந்த 'ஃப்ளோட்' ஆனது, பிறகு அதுவும் போனது. பத்தரைக்கு யாரும் தொடாமலே சரியாகிவிட்டது. கேபிள் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. (வாங்கிய பணத்தை அடுத்த வாடகையில் கழித்துவிட்டோம்.)

நமக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி காற்றை உடைத்து எலக்ட்ரான்களை அவிழ்த்துவிடும் அயனி மண்டலம் இருக்கிறது. அதைக் கடக்கும் சிக்னல் தாமதப்படும். சிக்னல் வரும் வழியில் மொத்தம் எவ்வளவு எலக்ட்ரான் என்று அளக்க ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ்.ஸின் எல்1 அலைவரிசை சிக்னலில் ஓர் அலகுக்கு 16 சென்டிமீட்டர் பிழை. சூரியனின் சீற்றம் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் நம் பக்கம் பிற்பகலில் 100 அலகு தாண்டுவதுண்டு. அதாவது 16 மீட்டர்!

நாம் இருக்கும் இடம் அப்படி. பூமியின் காந்த நடுக்கோடு (காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) நம் நாட்டின் தெற்கு முனையிலுள்ள காவ்தாங்குக்குச் சற்றுத் தெற்கே போகிறது. அதே கோடு இந்தியாவின் தென்கோடி அருகே போவதால்தான் 1963-இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டார்கள். கோட்டின் மேல் பகலில் உயரே தள்ளப்படும் எலக்ட்ரான்கள் இருபுறமும் சரிகின்றன; வடக்கே மண்டலே வாக்கில் குவிகின்றன. பொழுது சாய்ந்ததும், கொதிக்கும் கஞ்சியில் கிளம்புவது போல, அடியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் எழும்பிக் கிழக்கே நகரும். அவற்றின் ஊடே வரும் சிக்னல்தான் துள்ளுகிறது. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் தொல்லை அதிகம்.

முன்கூட்டிச் சொல்ல முடியாதா என்று பலர் கேட்கிறீர்கள். பகல் நிலவரத்தை ஓரளவு சொல்லலாம். இரண்டு அலைவரிசையில் வரும் சிக்னலின் தாமதங்களைக் கழித்தால் எலக்ட்ரான் கணக்கு வந்துவிடும். உலகெங்கும் உள்ள நிலையங்களின் கணக்கைச் சேர்த்து 1998 முதல் ஐ.ஜி.எஸ். என்ற பன்னாட்டு அமைப்பு வரைபடம் தருகிறது. அதை நீட்டி அடுத்த ஓரிரு நாளுக்கும் கணிக்கிறார்கள். ஜி.பி.எஸ். அனுப்பும் எட்டு எண்களைக் கொண்ட க்ளோபுசார் என்ற கணிப்புச் சூத்திரம் இன்னும் எளியது. பிழையில் சுமார் பாதியைத்தான் தீர்க்கும். இரவு முழுக்க ஒரே 5 நானோ நொடித் தாமதம் என்று வைத்துக்கொள்கிற அந்தச் சூத்திரம், நம் ஊர் இரவுக்கு எப்படிப் பொருந்தும்? எந்த இரவில், எந்தத் திசையில் குமிழ் கிளம்பும் என்பதை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். மாதமும் நேரமும்தான் சொல்ல முடியும்.

ஆகவே முக்கியப் புள்ளிகளை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். பேஸை, அதாவது ஒரே இடத்தில் நிறுத்தும் துணைக் கருவியை, 10 கிலோமீட்டருக்குள் வையுங்கள். ஃபிக்ஸ் போய்த் திரும்பினால், தெரிந்த புள்ளி ஒன்றில் சரிபார்த்த பிறகே தொடருங்கள்.

இரவு வேலை கெட்டால் கருவி பதிவு செய்த லாக் ஃபைலை வைபரில் அனுப்புங்கள். வானத்தின் வேலைதான் என்று தெரிந்தால் அந்த இரவு வாடகை வேண்டாம். நீங்களே மெஷினைத் திறந்து பார்த்திருந்தால் மட்டும் கணக்கு வேறு.

இப்படிக்கு,
சர்வே கருவிகள் வாடகைக் கடை, ரங்கூன்