உண்மை என்றால் புறம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற இதழின் நடுப்பக்கக் கட்டுரையில், "உண்மையைச் சொன்னால் அது புறம் பேசியதாக ஆகாது" என்று ஒரு வரி வந்திருந்தது. போதாததற்கு அதைத் தனியே எடுத்து, தடித்த எழுத்தில் கட்டம் கட்டியும் போட்டிருந்தீர்கள். அச்சுப்பிழையாக இருக்கும், நடுவில் ஏதோ சொல் விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மேற்கொண்டு படித்த பிறகே, தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

எழுதியவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. யாரிடமாவது தவறு கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், "சிலருக்கு என்ன ஆயிற்று, இப்படியெல்லாம் செய்கிறார்களே" என்று பொதுவாகக் கேட்பார்கள். ஆளைக் காட்ட மாட்டார்கள். ஆகவே நானும் 'சிலர்' என்றே எழுதுகிறேன். சிலர் தங்கள் புகைப்படத்தோடு கட்டுரை எழுதுவதால் வாசகர்களுக்கு ஆள் தெரிந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மதரஸாவில் ஓதிய தங்களுக்கு ஹதீஸ் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புறம் என்றால் என்ன என்ற பேச்சு வந்தபோது நாயகம் அவர்கள், உன் சகோதரனைப் பற்றி அவன் வெறுப்பதை நீ சொல்வதுதான் என்றார்கள். நான் சொல்வது அவரிடம் உண்மையிலேயே இருந்தால் என்று ஒருவர் கேட்டார். இருந்தால் புறம் பேசினாய், இல்லாவிட்டால் அவதூறு சொன்னாய் என்று பதில் வந்தது. சிலர் இன்று எழுப்பும் ஆட்சேபணையை அன்றே ஒருவர் எழுப்பிவிட்டார், தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் கட்டம் கட்ட என்ன இருக்கிறது? குர்ஆனில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்ன விரும்புவீர்களா என்று கேட்கிறதே, அது இருக்கிற குறையைப் பேசுகிறவர்களைப் பார்த்துக் கேட்டதுதான்.

"உண்மையைச் சொல்லாமல் வாய் மூடியிருப்பவன் ஊமை ஷைத்தான்" என்பதையும் நபிமொழி என்று போட்டிருக்கிறீர்கள். அது அபூ அலீ அத்தக்காக் என்ற ஸூஃபி பெரியாரின் கூற்று. நாயகம் அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் ஏற்றுவதற்கு என்ன எச்சரிக்கை இருக்கிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

உண்மை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு பள்ளிவாசல் மஹல்லாவில் சந்தா பாக்கி வைத்தவர்களின் பட்டியலை எழுதி, தண்ணீர்த் தொட்டியான ஹவுளுக்கு எதிரே இருந்த கரும்பலகையில் தொங்கவிட்டார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்ய உட்காருகிறவர் எல்லாரும் அதைப் படித்தே ஆகவேண்டும். பட்டியலில் நான்காவதாக இறந்துபோன ஒருவர் பெயர். அவருடைய மனைவி பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். மகன் கையை முழங்கை வரை நனைத்துவிட்டு நிமிர்ந்தான். வாப்பாவின் பெயரை வாய்விட்டுப் படித்தான். பக்கத்தில் எழுதியிருந்த தொகையையும் படித்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை. காலைக் கழுவாமலே எழுந்து போய்விட்டான். பொறுப்பிலிருந்தவரிடம் கேட்டேன். "உள்ளதைத்தானே எழுதியிருக்கிறோம்?" என்றார். உள்ளதுதான். நானே கூட்டிப் பார்த்தேன், ஒரு ரூபாய் பிசகில்லை. பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் பிடிக்க ஓடியபோது, விடுங்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள் என்ற நபியின் உம்மத்தான சமுதாயம் நாம்.

பட்டியலில் ஏறாத பெரிய பாக்கிகளும் இருந்தன. அவை யாருடையவை என்று அந்தப் பலகைக்கு மட்டும்தான் தெரியாது.

அதைப் பற்றி அப்போதே தங்கள் இதழுக்கு எழுதினேன். பக்கக்கணக்கில் எழுதியதில் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள்: "ஜமாஅத் சந்தாவை ஒழுங்காக வசூலிப்பது அவசியம்தான்." கீழே என் பெயர். ஊரில் நான்கு பேர் கை கொடுத்துப் பாராட்டினார்கள்.

இதுவாவது போகட்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாற்று விஷயத்தில் தங்கள் பேனாவுக்கு வரும் பேணுதலைப் பார்த்தால்தான் வியப்பாக இருக்கிறது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தங்கள் இதழில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. தோல் வியாபாரிகளின் பெருநாள் வாழ்த்து விளம்பரங்கள் மட்டும் முழுப்பக்கத்தில் வந்தன. தொழுகை நடத்தும் ஏழை ஹஸ்ரத் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் ஒரு வசனத்தைத் தவறவிட்டால் 'உண்மையைச் சொல்வோம்'. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போனதற்கு மட்டும் 'குறையை மறைப்போம்'.

மார்க்கம் இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்கிறது? தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்பது நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம். வாய் திறக்க அனுமதி பெற்றவர் தண்ணீர் கெட்டுப்போன விவசாயி. பலகையில் பாக்கி எழுதுகிறவர் அல்ல. இமாம் நவவி அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற நூலில் பிறர் குறையைச் சொல்ல ஆறு இடங்களில் அனுமதி உண்டு என்று வரிசைப்படுத்தும்போது, முதலில் வைத்ததே அதிகாரத்தில் இருப்பவரிடம் முறையிடுவதைத்தான். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் உள்ளதைச் சொல்லலாம்; நபித்தோழி பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு நாயகமே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் அங்கேதான் எல்லாரும் "நல்ல பையன்தான்" என்று நழுவுவார்கள். நிக்காஹ் முடிந்து பிரியாணிக்கு உட்கார்ந்த பிறகு அவனுடைய சரித்திரம் முழுவதும் வெளியே வரும்.

மூஸா, ஹாரூன் (அலை) இருவரையும் எகிப்தின் கொடுங்கோல் மன்னன் பிர்அவ்னிடம் அனுப்பியபோது மென்மையாகப் பேசுங்கள் என்றுதான் அல்லாஹ் சொன்னான். அரண்மனைக்குப் போய், அவன் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். பிர்அவ்னைப் பற்றி ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசவில்லை, பிர்அவ்னிடம் விளம்பரமும் வாங்கவில்லை.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். அடுத்த இதழில் அதே நடுப்பக்கத்தில், அதே தடித்த எழுத்தில், அதே அளவுக் கட்டத்துக்குள் அந்த முஸ்லிம் ஹதீஸை முழுமையாக வெளியிடுங்கள். 'ஊமை ஷைத்தான்' நபிமொழி அல்ல என்று கீழே ஒரு வரி போடுங்கள். சிலரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அப்படியே, ரமலான் சிறப்பிதழ் எனக்கு வந்து சேரவில்லை. சந்தா கட்டிய ரசீது கைவசம் இருக்கிறது. இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம், ஹதீஸை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.