அம்மாவுக்கு, பிளாக்பூலிலிருந்து

பிளாக்பூல்,
இங்கிலாந்து,
மார்ச்.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. கையெழுத்து சின்னவளுடையது, பேச்சு முழுக்க உங்களுடையது. போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகப் பிடிப்பதில்லை. பாதியைக் கேட்டு, மீதியை ஊகித்து, அப்புறம் ராத்திரியெல்லாம் கவலைப்படுவீர்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன். சின்னவள் நிதானமாக வாசித்துக் காட்டட்டும். வடசேரி மாமாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் இங்கே குறி சொல்லிப் பிழைக்கவில்லை அம்மா. மாமா மகன் போனில் காட்டிய வீடியோவில், ஒரு வெள்ளைக்கார அம்மா மனதில் நினைத்த பெயரைக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்வது நான்தான். முதியோர் இல்லத்து வேலை அப்படியேதான் இருக்கிறது. வார இறுதிகளில் ஹோட்டல்களிலும் கல்யாண விருந்துகளிலும் மென்டலிஸ்ட்டாக மேடை ஏறுகிறேன். நினைத்ததைச் சொல்வது, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பது, கூட்டம் கூவும் பொருள்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது, இதெல்லாம்தான் நிகழ்ச்சி. எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது, எல்லாம் பயிற்சி என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவேன். வீடியோவில் அந்த இடம் வெட்டுப்பட்டுவிட்டது.

நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று கோட்டாறு சித்தி வருத்தப்பட்டாளாம். சித்தி வீட்டுக்கு அடுத்த தெருவைத் தாண்டினால் இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஊர். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் செய்ததைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அவதானம் என்றால் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் நடுநடுவே மணி அடிப்பார், ஒருவர் முதுகில் பூவோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, முடிவில் மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும். நான் செய்வது அந்தக் கடலில் ஒரு கைத் தண்ணீர். ஆனாலும் அதே தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். சித்தியிடம் இதைச் சொல்லுங்கள்.

எப்படி நினைவில் வைக்கிறேன் என்றும் உங்களுக்குச் சொல்கிறேன். இது ரகசியமில்லை. கிரேக்கக் கவிஞர் சிமோனிதீஸ் கண்டுபிடித்த முறை என்று சிசரோ எழுதி வைத்தது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனதில் எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளை வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்ப அதே வழியில் நடந்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். நான் எடுத்துக்கொண்டது நம் வீடு. முதல் மேஜைக்காரர் குடை என்றால் திண்ணையில் குடையை விரிக்கிறேன். அடுத்தவர் பென்குயின் என்றால் அது நடையில் அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்றாவது பியானோ, பத்தாயத்துக்குள் தலைகீழாகக் கிடக்கிறது. அப்படியே முற்றம், அம்மியடி, அடுக்களை, புகைக்கூண்டுக்குக் கீழே கறுத்துப்போன அந்த மூலை, கிணற்றடி, தொழுவம் என்று இருபது இடம். இங்கே மேடையில் விளக்கு முகத்தில் அடிக்கும், எதிரே ஒருவர் முகமும் தெரியாது. நான் கண்ணை மூடி அடுக்களை வழியாகக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருப்பேன். ஜனங்கள் கைதட்டும்போதுதான் இங்கிலாந்து திரும்பி வரும்.

பத்தாயத்தைப் போன மாதம் விற்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சரி, கறையான் அரித்தது, என்ன செய்ய. ஆனால் என் கணக்கில் அது அங்கேயேதான் இருக்கும்.

இங்கே குளிர் குறையத் தொடங்கிவிட்டது. காற்றுதான் விடமாட்டேன் என்கிறது. கடற்கரைச் சாலையில் நடந்தால் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். கடல் அலை இறங்கும்போது மணல் அரை மைல் நீளத்துக்கு ஈரமாகப் பரந்து கிடக்கும், தண்ணீர் எங்கே என்று தேட வேண்டும். 1894-ல் கட்டிய இரும்புக் கோபுரம் ஒன்று 158 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஊரில் எங்கே வழி தவறினாலும் அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம். அறையில் ஹீட்டர் இருக்கிறது. அதிகச் சூடு எனக்கு ஒத்துக்கொள்ளாததால் ராத்திரி கொஞ்ச நேரம்தான் போடுவது. சின்னவள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் மேல் இன்னொன்று போட்டால் போதும்.

சாப்பாட்டுக்கும் குறைவில்லை. டிராம் ஏறி ஃப்ளீட்வுட் போனால் அயிலை கிடைக்கும். நம்மூர் அயிலையைவிட முதுகில் வரி அதிகம், ருசி கிட்டத்தட்ட அதேதான். நல்லமிளகும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்தேன், புளிதான் சரியாக அமையவில்லை. பிரஸ்டனில் குஜராத்திக்காரர் கடையில் மரச்சீனிக் கிழங்கு உறையவைத்த பாக்கெட்டில் விற்கிறார்கள். அவித்து, காந்தாரி மிளகாய் இல்லாமல் பச்சைமிளகாய்ச் சம்மந்தியோடு தின்றேன். ஒரு துண்டு தின்றதும் கிணற்றடியில் நீங்கள் கிழங்கு கழுவுகிற ஞாபகம் வந்து, மீதியை மறுநாளைக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

மாடியில் இருக்கும் பாட்டியைப் பற்றி முன்பே எழுதினேனே, எண்பது வயதைத் தாண்டியவர், நாய்க்குப் பதில் ஒரு ஆமை வளர்ப்பவர். அவரும் அவர் வீட்டுக்காரரும் கோடைக்காலங்களில் இங்குள்ள கடல்பாலத்து அரங்குகளில் நிகழ்ச்சி நடத்தியவர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. பாட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்காருவார். வீட்டுக்காரர் கூட்டத்துக்குள் போய் யாராவது நீட்டும் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பார், பாட்டி அது என்ன, எந்த உலோகம், மணி எத்தனை என்றெல்லாம் சொல்வார். வடசேரி சந்தையில் மோடி மஸ்தான் ஒரு பையனைத் துணிக்கு அடியில் படுக்கவைத்து, "இந்த ஐயா கையில என்ன இருக்கு?" என்று கேட்பானே, அதேதான். கேள்வியைத் தொடங்கும் சொல், நடுவில் விடும் இடைவெளி, எல்லாவற்றிலும் பதில் ஒளிந்திருக்கும். டென்மார்க்கிலிருந்து கிளம்பிய ஜான்சிக் தம்பதி 1906-ல் லண்டன் அல்ஹாம்பிரா அரங்கில் இதை வைத்தே பெரும் கூட்டம் சேர்த்தார்கள். 1949-ல் பிடிங்டன் தம்பதி பிபிசி வானொலியில் செய்தார்கள். கணவர் ஸ்டுடியோவில் இருப்பார், மனைவியை லண்டன் கோட்டைக்குள் உட்காரவைத்து, இங்கே தேர்ந்தெடுத்த புத்தக வரியை அவர் அங்கே சொல்வார். அந்தக் கணவர் யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாக இருந்தபோது உடன் இருந்தவர்களின் மனம் தளராமலிருக்கத் தொடங்கிய வித்தை அது. பாட்டி சின்னப் பிள்ளையாக வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்கிறார்.

வீட்டுக்காரர் போய்ச் சில வருஷமாகிறது. அவர்கள் இருவரும் கட்டிய குறிமொழியை வேறு யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேச இனி ஆளில்லை. பாத்திரம் கழுவும்போது கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்வது எனக்குக் கீழே கேட்கும். ஒருநாள் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, எண்களிலிருந்து தொடங்கிவிட்டார். நான் கேட்க வேண்டும், அவர் கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். நான் மூச்சு விடும் இடம் தவறினால் மேஜையில் விரலால் ஒரு தட்டு. எழுதி வைக்க விடமாட்டார். லண்டனில் 1905-ல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் என்ற சங்கம் பெண்களை 1991 வரை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. இவர் எவ்வளவு பெரிய கைகாரி என்று பார்த்த பிறகு அது எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் இங்கே கொஞ்சம் நீளமாக இருக்கும், இப்போது பரவாயில்லை.

இனி முக்கியமான காரியம். சின்னவளே, இந்தப் பகுதியை விட்டுவிடாமல், நிறுத்தி வாசி.

நம் வீட்டுக்கு வந்து குறி சொன்ன அந்தக் குறிக்காரர் சொன்னதெல்லாம் பலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம் அம்மா. கடல் கடந்து ஒரு பிள்ளை உண்டு என்றார். நம் ஜில்லாவில் எந்தத் தெருவில் அப்படி ஒரு வீடு இல்லை? கூடி வந்த காரியம் ஒன்று தட்டிப்போனது என்றார். பக்கத்தில் கல்யாண வயதில் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்டால் வேறு எதைச் சொல்வார்? அப்புறம் தண்ணீரால் ஒரு குறை என்றார். சின்னவள் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள்: அவர் "தண்ணி" என்றார், நீங்கள் "கிணறா?" என்றீர்கள், அவர் "அதேதான்" என்றார். கிணற்றைச் சொன்னது நீங்கள். நீங்கள் குளம் என்றிருந்தால் குளம், கடல் என்றிருந்தால் கடல்.

இதற்கு எங்கள் தொழிலில் கோல்டு ரீடிங் என்று பெயர். நானும் கற்றிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். 1948-ல் அமெரிக்காவில் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவர் குணத்தையும் தனித்தனியே எழுதித் தருவதாகச் சொன்னார். கொடுத்தது எல்லாருக்கும் ஒரே தாள், கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. படித்த பிள்ளைகள் அம்மா. மனதில் பாரத்தோடு வருகிற ஒருவருக்கு எது சொன்னாலும் தன்னைச் சொன்னதாகத்தான் படும்.

முகமும் காட்டிக்கொடுக்கும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரே அதிசயப்பட்டது. ஃபங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907-ல் எழுதினார்: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தன்னையறியாமல் இம்மி அளவு நிமிரும், குதிரை அதைப் பார்த்து நிறுத்தும். நான் கல்யாண வீட்டில் மோதிரத்தை ஒளிக்கச் சொல்லி, ஒளித்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேடுவதும் இதை நம்பித்தான். தவறான பக்கம் திரும்பினால் அந்தக் கை ஒரு நூல் கனக்கும், சரியான பக்கம் லேசாகும். பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் கையே கூட்டிக்கொண்டு போகும். உங்களுக்கோ கண்ணில் ஒன்றையும் ஒளிக்கத் தெரியாது. அந்த ஆளுக்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது.

பணம் வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுத்தி அனுப்பினால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கிணற்றை மூடு, வாசலை வடக்கே மாற்று, பரிகாரத்துக்கு 35,000 ரூபாய் கொண்டு வா என்றால், பயத்தைக் காட்டிப் பறிப்பது. என்னிடம் நிகழ்ச்சி முடிந்து சிலர் தனியாக வருவார்கள். இறந்துபோன மகள் ஏதாவது சொல்கிறாளா என்று ஒரு அம்மா கேட்டார். பத்துப் பவுண்டு, இருபது பவுண்டு தரத் தயாராக நின்றார். எனக்கு அது தெரியாதம்மா, நான் வித்தைக்காரன் மட்டும்தான் என்று சொல்லி, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் கடக்கக் கூடாத கோடு அதுதான். அதைக் கடந்த ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

சந்தேகமிருந்தால் மாமா ஒன்று செய்யட்டும். நம் குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு ஆளை அனுப்பி, சின்னவள் பெயரில் கேட்கச் சொல்லட்டும். கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் போட வேண்டும். அப்புறம் என்ன வருகிறது என்று பாருங்கள்.

கிணற்றை மூட வேண்டாம் அம்மா. வாசலும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அது என் மேடைக்காக மட்டும் சொல்வதில்லை. இடவப்பாதி மழைக்கு முன்னால் அடுக்களை ஓடுகளை மாற்றுவதுதான் முதல் வேலை. ஓட்டுக்கான பணம் என் பொறுப்பு. ஈஸ்டர் வரைக்கும் ஹோட்டல்களில் ஆள் குறைவாக இருக்கும், அதனால் இந்த மாதப் பணம் சில நாள் பிந்தி வரும், கவலைப்பட வேண்டாம். ஓட்டுக்காரரிடம் முன்பணம் கேட்டால் தோவாளை அத்தையிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்வதிபுரம் வரன் எனக்குப் பிடித்திருக்கிறது. பையன் வேலை பார்க்கும் இடத்துக்கு மாமா நேரில் போய், கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரிக்கட்டும். சின்னவளும் ஒருமுறை அவனோடு தனியாகப் பேசட்டும், அவள் சரி என்றால்தான் மேலே போக வேண்டும். அவர்கள் நகையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை எழுதுங்கள்.

பெரியப்பா மகன் கொண்டுவந்த காகிதத்தில் நான் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். கிணற்றுக்குப் போகும் வழி பொதுவா தனியா என்று பழைய பத்திரத்தில் இருக்கும், அப்பாவின் தகரப் பெட்டியில் அடியில் பாருங்கள். மாமா அதைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்.

பி.கு.: காது டாக்டரிடம் போவதை இனியும் தள்ளக் கூடாது. போகும் அன்றைக்குச் சின்னவள் லீவு போடட்டும், மெஷின் என்ன விலை சொல்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.