கல்வெட்டுத் தந்தவர்களுக்கும் பெயர் சொன்னவர்களுக்கும்

அன்புடையீர்,

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பகுதித் தமிழ் வீடுகளில் இருந்த பழைய அச்சுத் தாள்களையும் புகைப்படங்களையும் மின்வருடிப் பட்டியலிட்டுப் பொதுவில் வைக்கும் பணியின் முதற்கட்டம் நிறைவேறிவிட்டது. அவற்றைக் காட்சிக்கு வைத்த நாளன்று மேடையில் நன்றி சொல்லக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. சொல்ல வேண்டியவர்களோ பலர். ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, கல்வெட்டுகளைத் தந்த குடும்பங்களுக்கு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளன்று, அவர் நினைவாக வீட்டுக்கு வருவோர் கையில் கொடுக்கப்படும் அந்தச் சிறு நூலை நாம் வாங்கிக்கொண்டு வந்து, ஒருமுறை புரட்டிவிட்டு, லாச்சிக்குள் வைத்துவிடுகிறோம். எறிய மனம் வருவதில்லை, மறுபடி எடுத்துப் படிப்பதும் இல்லை. அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் 1885ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனாலும் கல்வெட்டு, கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் போன்றவற்றைத் தேடி நாம் போக வேண்டிய இடம் வீடுகள்தான். அங்கே இல்லாவிட்டால் பெரும்பாலும் இல்லை.

ஒரு கல்வெட்டை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். மங்கிய நீல அட்டை. உள்ளே முட்டை வடிவச் சட்டத்துக்குள் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். அடுத்த பக்கத்தில் திதி வெண்பா: எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்கியிருக்கின்றன. பிறகு தேவாரம், திருவாசகம். அதன்பின் வாழ்க்கை வரலாறு. புங்குடுதீவிலிருந்து சிறு வயதிலே வந்து, புறக்கோட்டையில் ஒரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாகக் கடை வைத்தது வரை, கூட நின்ற பங்காளிகளின் பெயர்களோடு எழுதியிருக்கிறார்கள். கடைசியில் வம்சாவளி. இத்தகைய கல்வெட்டுகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் நமது இடப்பெயர்வின் வரலாறு கண்முன்னே விரிகிறது. பழையவற்றில் பிள்ளைகளின் ஊர்களாகக் கொழும்பும் கோலாலம்பூரும் வருகின்றன. பிந்தியவற்றில் பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ. இதைத் தனியே ஆய்வு செய்ய ஒருவர் முன்வந்தால் மகிழ்வேன். தரவு அத்தனையும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இவற்றைத் தருவது அவர்களுக்கு எளிதான காரியமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1983 ஆடியில் இந்த நகரத்தில் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் எரிந்தன. எஞ்சிய ஒரு கட்டுக் காகிதத்தைக் காத்து வைத்திருப்பவர், முன்பின் தெரியாதவர்கள் வந்து கேட்டவுடன் எடுத்து நீட்டுவாரா? தயங்கினார்கள். அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து வைப்பதன் ஆபத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனால்தான் மூலப் பிரதி அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும், படிமம் மட்டும் பல இடங்களில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வீட்டு வாசலில் வைத்து எங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் பம்பலப்பிட்டியிலுள்ள ஒரு தாயார். அம்மா, உங்கள் சொல்தான் இந்தப் பணியின் அடித்தளமாக ஆனது. நன்றி.

இரண்டாவதாக, பெயர் சொன்னவர்கள். பழைய குழுப் படங்களின் கீழே ஆண்களின் பெயர் முழுவதுமாக இருக்கும். பெண்கள் என்றால் "திருமதி" போட்டுக் கணவரின் பெயர், அல்லது அதுவும் இல்லை. மாதர் சங்கப் படம் ஒன்றில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள். அதைப் பெரிதாக அச்சிட்டு, வெற்றுச் சீட்டுகளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மூன்று மாமிமார் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்து, "இது இன்னாருடைய தமக்கை, இவ சங்கீத ரீச்சர், இவ பிறகு மட்டக்களப்புக்கு மணமாகிப் போனவ" என்று சொல்லச் சொல்ல, பேத்தி ஒருத்தி எழுதிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் இருவருக்கிடையே கருத்து வேறுபாடு வந்தது. யாருடைய மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதைக் கொண்டு அதையும் தீர்த்துவைத்தார்கள். மாலைக்குள் முன்வரிசை முழுவதற்கும் சொந்தப் பெயர் கிடைத்துவிட்டது. மாமி, மூவருக்கும் என் வணக்கம். பட்டியலில் அந்தப் பெண்கள் இனித் தங்கள் பெயராலேயே தேடிக் கண்டெடுக்கப்படுவார்கள்.

பெயர் என்றால் பட்டியலாளருக்கு அது சாதாரண விஷயமல்ல. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் முதலெழுத்து ஒன்றுதான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஈழத்து இலக்கியத்திலேயே மூன்று சிவஞானசுந்தரங்கள் இருக்கிறார்கள். இலங்கையர்கோன் என்ற பெயரில் சிறுகதை எழுதியவர் த. சிவஞானசுந்தரம். மருத்துவப் பேராசிரியரான நந்தி, செ. சிவஞானசுந்தரம். சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழின் ஆசிரியர் சுந்தர், சி. சிவஞானசுந்தரம். ஒரு கூட்ட நோட்டீசில் முன்னெழுத்து இல்லாமல் "திரு. சிவஞானசுந்தரம் அவர்கள் பேசுவார்" என்று இருந்தால் யாரென்று எடுப்பது? ஓய்வுபெற்ற நூலகரான எங்கள் ரீச்சர், ஆண்டையும் கூட்டத்தின் பொருளையும் வைத்து ஒவ்வொன்றையும் பிரித்தார். உறுதியாகத் தெரியாத இடத்தில் ஊகத்தால் நிரப்பாமல், வெற்றாக விடும்படி கண்டிப்பாகச் சொன்னார். வேகமாக முடிக்க நினைத்த எங்களுக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் தேவையாக இருந்தது. ரீச்சர், இந்தப் பட்டியலை நாளை ஒரு மாணவர் நம்பிக் கையாளலாம் என்றால் அந்த நம்பிக்கை உங்களுடையது.

காலம் கண்டுபிடிப்பதிலும் இப்படிப் பலர் கைகொடுத்தார்கள். ஒரு கல்யாண அழைப்பிதழில் "சுக்கில வருடம் ஆவணி மாதம்" என்று மட்டும் இருந்தது. ஆங்கில ஆண்டு இல்லை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுக்கிலம் திரும்பி வரும். ஆகவே அது 1929 ஆகவும் இருக்கலாம், 1989 ஆகவும் இருக்கலாம். தாளைப் பார்த்தால் பழையது என்று தோன்றுகிறது, ஆனால் தோற்றத்தை நம்பி எழுத முடியாதே. குருக்கள் ஐயா ஒருவர் அழைப்பிதழிலிருந்த தமிழ்த் தேதியையும் கிழமையையும் தம்மிடமிருந்த பஞ்சாங்கக் கட்டோடு ஒப்பிட்டார். கிழமை 1929க்கே பொருந்தியது. ஆடிவேல் தேர் காலி வீதியில் போகும் ஒரு படத்துக்குப் பஸ் நடத்துநராக இருந்த பெரியவர் துணைக்கு வந்தார். பின்னால் நிற்கும் பஸ்ஸில் தனியார் கம்பனியின் பெயர் இருப்பதைக் காட்டி, பஸ் சேவை அரசுடைமையான 1958 ஜனவரிக்கு முந்திய படம் இது என்றார். பழைய முகவரிகளுக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வெள்ளவத்தை "ஹை ஸ்ட்ரீட்" என்று இருப்பதெல்லாம் இன்றைய டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்பதை இளையவர்கள் அவரிடம்தான் அறிந்துகொண்டார்கள்.

அச்சுக்கோப்பாளராக உழைத்த ஐயாவை எப்படி மறப்பேன்! அச்சகத்தின் பெயர் இல்லாத இரண்டு கோயில் நோட்டீஸ்களை அருகருகே வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, இரண்டிலும் வரும் "ழ"வின் வால் ஒரே இடத்தில் உடைந்திருப்பதைக் காட்டினார். ஒரே ஈய எழுத்து, ஆகவே ஒரே அச்சகம். ஒன்றில் ஆண்டு இருந்தது, மற்றதன் காலத்தையும் அதைக் கொண்டு ஏறத்தாழக் கணிக்க முடிந்தது. விரல் நுனியில் இத்தனை அறிவை வைத்திருக்கும் தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

இளையவர்களுக்கு வருகிறேன். எங்களுக்கு முன்பே ஒரு பெரியவர் தம் சேகரத்துக்குப் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் பட்டியல் தட்டெழுதி வைத்திருந்தார். அதை யுனிகோட்டுக்கு மாற்றக் கருவி இருக்கிறது. ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத தமிழெழுத்துகளாகிவிட்டன. பல்கலைக்கழகத் தம்பி தங்கைமார் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினார்கள். கடற்காற்றின் ஈரத்தில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த நினைவு மலர்களை அவசரப்பட்டுப் பிரிக்காமல் பொறுமை காத்தவர்களும், துருப்பிடித்த கம்பிகளைக் கிழியாமல் எடுத்தவர்களும் அவர்களே. 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திறந்த முறையில் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டம் நம் எல்லோருக்கும் வழிகாட்டி. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என்பது இவர்களின் வேலையில் தெரிகிறது.

மருதானை, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தமிழெழுத்துத் தெரியும் தாள் எது வந்தாலும் தனியே எடுத்து வைத்திருந்து, எடைக்குரிய விலைக்கே எங்களுக்குத் தந்தார். இம்மடலைச் சிங்களத்திலும் எழுதி அவரிடம் நேரில் கொடுக்கவிருக்கிறோம்.

மறுத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் படமொன்றைப் பொதுவில் போட வேண்டாம் என்றது. பட்டியலில் அதன் விபரம் இருக்கிறது, படம் மூடியே இருக்கும். உயிரோடிருப்போரின் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் மறைத்திருக்கிறோம். பகிர்வது என்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவதுதான் என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தந்தவரின் மனம் நோகாமல் பகிர்ந்தால்தான் அடுத்தவர் தர வருவார்.

எங்களுக்குக் கல்வெட்டுகளை முதன்முதலில் கட்டாகக் கொண்டுவந்து தந்த ஐயா, காட்சி நாளைப் பார்க்க இருக்கவில்லை. அவருடைய கல்வெட்டை அவர் மகளே எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். சேகரத்தில் அவர் தந்தவற்றுக்கு அடுத்து அதை வைத்திருக்கிறோம். தங்கச்சி, உங்கள் குடும்பத்துக்கு எங்கள் அன்பு.

தேநீரும் வடையும் ஓயாமல் அனுப்பிய தொடர்மாடிப் பெண்களுக்கும், வாடகை வாங்காமல் அறை தந்தவருக்கும், மின்வருடியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக வந்த முச்சக்கரவண்டித் தம்பிக்கும் நன்றி.

பட்டியலின் அச்சுப் பிரதியைப் பார்த்தவர்கள் பிழை கண்டால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். திருத்தம் தந்தவரின் பெயரும் அவர் விரும்பினால் அந்தப் பதிவிலேயே சேரும். அடுத்து ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதி நாடக நோட்டீஸ்களையும் கூத்துக் கொப்பிகளையும் தேடத் தொடங்குகிறோம். உங்கள் வீட்டு ரங்குப்பெட்டியில் ஒன்றிரண்டு கிடந்தால் சொல்லியனுப்புங்கள். நாங்களே வந்து, உங்கள் கண்முன்னாலேயே படிமம் எடுத்துக்கொண்டு, தாளை உங்கள் கையில் திருப்பித் தருவோம்.

மிக்க நன்றியுடன்,
பட்டியல் பணிக்குழுவின் சார்பில்,
வெள்ளவத்தை, கொழும்பு 6