சர்வீஸ் ஒன்று தவறினால் வாரண்டி முழுவதும் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார் வாங்க வருவோரிடம் மூன்று ஆண்டு வாரண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி என்று ஷோரூமில் உரக்கச் சொல்கிறார்கள். குறித்த காலத்தில் ஒரு சர்வீஸ் தவறினால் அந்த வாரண்டி எந்தப் பழுதுக்கும் கிடைக்காது என்ற நிபந்தனையோ, வண்டி பழுதாகிப் பணிமனையில் நிற்கும்போதுதான் உரிமையாளரின் காதுக்கு வருகிறது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்தார் இத்தகைய சிக்கல்களோடு என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் ஒன்றை முன்வைத்து, இந்த நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்பதையும், சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் காரில், ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டியைத் திருப்புவதே பெரும்பாடாகிவிட்டது. வாரண்டி முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. பணிமனையில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மோட்டார் போய்விட்டது, ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டுத் தொகுதியான 'ஸ்டீயரிங் காலம்' (column) என்பதையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கான மதிப்பீடு அரை லட்சத்தை நெருங்கியது. அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்த காலத்தில் இரண்டாம் ஆண்டு சர்வீஸ் சில வாரங்கள் தள்ளிப்போயிருந்தது. பிறகு அதே பணிமனையில் அதைச் செய்தும் முடித்திருந்தார். தாமதமாக வந்த வண்டிக்குக் கேள்வி எதுவும் கேட்காமல் சர்வீஸ் செய்து, அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டவர்கள், இப்போது ஜாப் கார்டின் (பணிமனையின் வேலைப் பதிவுச் சீட்டின்) ஓரத்தில் 'சர்வீஸ் லேட், வாரண்டி இல்லை' என்று பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எந்த நிபந்தனையின்படி, எந்தக் காரணத்தால் என்று கேட்டதற்கு, கம்பெனி சிஸ்டம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் பதில்.

அந்த ஸ்டீயரிங் அமைப்பைச் சற்று விளக்கினால் இந்தப் பதிலின் தன்மை புரியும். பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் இருந்தது. அது குறைந்தாலும் கெட்டாலும் பம்பு பாதிக்கப்படும். இப்போதைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஸ்டீயரிங் தண்டோடு இணைந்த மின்மோட்டாரும், ஓட்டுநர் எவ்வளவு விசையோடு திருப்புகிறார் என்பதை அளக்கும் சென்சாரும், இரண்டையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான். இவை மூடி முத்திரையிடப்பட்ட பாகங்கள். ஆண்டு சர்வீஸில் இவற்றுக்கு எண்ணெய் விடுவதோ, உள்ளே பிரித்துச் சுத்தம் செய்வதோ கிடையாது. இன்ஜின் ஆயிலைச் சில வாரம் தாமதமாக மாற்றியதால் இந்த மோட்டார் எரிந்துபோகும் வழி எதுவும் எனக்குத் தெரிந்த பொறியியலில் இல்லை.

உற்பத்தியாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயில் மாற்றாமல் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டப்பட்ட இன்ஜினைப் பிரித்தால், தார்போன்ற கறுப்புக் கசடு ஆயில் செல்லும் துளைகளை அடைத்திருப்பதையும், பேரிங்குகள் தேய்ந்து செம்பு நிறம் தெரிவதையும் காணலாம். டர்போ சார்ஜருக்கு நல்ல ஆயில் கிடைக்காவிட்டால் அதன் தண்டு வெகு விரைவில் ஆட்டம் காணும். இப்படிப்பட்ட அலட்சியத்துக்கான செலவை நிறுவனத்தின் தலையில் கட்டுவது முறையல்ல. அத்தகைய கோரிக்கைகளை நுகர்வோர் ஆணையங்கள் தள்ளுபடி செய்தால் அதில் குறை காணவும் இடமில்லை. அதே காரின் ஏசி கம்ப்ரஸர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், தொடுதிரை, ஏபிஎஸ் சென்சார், பெயின்ட் ஆகியவற்றில் வரும் குறைகளுக்கும் அந்த ஆயிலையே காரணம் காட்டுவதுதான் என்னுடைய ஆட்சேபம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தம் எது என்பதை வரையறுக்கிறது. நுகர்வோர் ஒப்பந்தத்தை மீறியதால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சிறிதும் பொருந்தாத அளவில் அவர்மீது தண்டம் விதிப்பதும், அவருக்குப் பாதகமாகும்படி நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்துவதும் அந்த வரையறைக்குள் வருகின்றன. சர்வீஸ் சில வாரம் தாமதமானதால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு என்ன? இந்த வழக்கில் ஒன்றுமில்லை. அதற்கு ஈடாக உரிமையாளர் இழப்பதோ, விலையோடு சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிய வாரண்டியின் எஞ்சிய காலம் முழுவதையும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே, தண்டத்தொகை எதுவாக எழுதப்பட்டிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்கிறது. மேலும், ஒரு சங்கதியை வலியுறுத்துகிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை விதி. சர்வீஸ் தாமதத்தால்தான் இந்தப் பாகம் கெட்டது என்று சொல்வது நிறுவனம் என்றால், பழுதுக் குறியீடுகளையும் கழற்றிய பாகத்தையும் கையில் வைத்திருக்கும் அந்த நிறுவனம்தான் அதைக் காட்ட வேண்டும்.

இதற்கு நெருக்கமான ஒரு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு எதிராக வழங்கிய உத்தரவில், மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதமும் அதன்மீது எழுந்த மேல்முறையீடுகளும்தான் அப்போது செய்தியாயின; உத்தரவில் இருந்த வாரண்டி பற்றிய பகுதியை அதிகம் பேர் கவனிக்கவில்லை. உரிமையாளர் வெளிப் பணிமனையில் வண்டியைப் பழுதுபார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் பொது நிபந்தனையை விதிக்கக் கூடாது, அங்கு செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. அந்த வழக்கு உதிரி பாகங்களையும் வெளிப் பணிமனைகளையும் பற்றியது, தவறிய சர்வீஸைப் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆயினும் சேதத்தின் அளவுக்கே மறுப்பு என்ற அளவுகோல் இங்கும் அப்படியே பொருந்துகிறது. வாகனக் காப்பீட்டில்கூட, பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும் கோரிக்கையை முழுவதுமாக நிராகரிக்காமல் 75 சதவீதம் வரை வழங்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் அமலேந்து சாகு வழக்கில் ஏற்றுக்கொண்டது. காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்த நிதானம் கார் நிறுவனங்களுக்கு மட்டும் ஏன் ஆகாது?

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, அந்தக் காலத்தில் முடிவடைய இருந்த இலவச சர்வீஸ் தவணைகளையும் வாரண்டியையும் கார் நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து நீட்டித்தன. அது பாராட்டத்தக்க முடிவு. சர்வீஸ் தேதி சில வாரங்கள் தள்ளிப்போனால் வண்டி உத்தரவாதத்துக்கே தகுதியற்றதாகிவிடும் என்பது பொறியியல் உண்மையாக இருந்திருந்தால், அந்த நீட்டிப்பு சாத்தியமாகியிருக்காது. நாடு முழுவதும் அடங்கிக் கிடந்தபோது தளர்த்த முடிந்த தேதியை, ஒரு குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது தளர்த்த முடியாது என்பது நிர்வாக வசதியைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் நாளிதழில் வருபவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், மன்னிக்கவும். பக்கம் நிறைய வாரண்டி ஆண்டுகளைத் தமிழில் கொட்டை எழுத்தில் போட்டு, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, பக்கத்தின் அடியில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று அச்சிடுகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரத்தின் உரிமைகோரல் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில்தான் அதற்கான பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும்; முக்கியமான தகவலை அதன் மூலம் மறைக்கவும் கூடாது. தமிழில் வாரண்டியைச் சொன்னால் தமிழில்தான் நிபந்தனையையும் சொல்ல வேண்டும். வண்டியோடு தரும் வாரண்டிப் புத்தகமும் தமிழில் கிடைத்தால், எந்த சர்வீஸ் எந்தத் தேதிக்குள், அல்லது எத்தனை கிலோமீட்டருக்குள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்குள் செய்யப்பட வேண்டும் என்பது பலருக்கு முதல் நாளே விளங்கும். வண்டி அதிகம் ஓடவில்லை, எனவே சர்வீஸ் தேவையில்லை என்று நினைத்து ஆண்டுக் கணக்கைத் தவறவிடுபவர்களே நான் பார்த்தவரை அதிகம். கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி தனி ஒப்பந்தம் என்பதும், அதன் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம் என்பதும் விற்பனையின்போது யாரும் சொல்லாத இன்னொரு செய்தி.

வாரண்டி மறுக்கப்பட்டவர்கள் பணிமனையிலேயே சில காரியங்களைச் செய்துகொள்வது நல்லது. மறுப்புக்கான காரணத்தை, நிபந்தனையின் எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். கணினி காட்டும் பழுதுக் குறியீடுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாமல் முடியாது என்பதால் பணம் கட்டிச் சரிசெய்ய நேர்ந்தால், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று பில்லிலும் ஜாப் கார்டிலும் எழுதுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது. வழக்கு நடந்தால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவிடலாம். பாகம் காயலான் கடைக்குப் போய்விட்டால், பிறகு இரு தரப்பும் வாய்ப்பேச்சில்தான் வழக்கை நடத்த வேண்டியிருக்கும். அந்த ஆசிரியை இதைச் செய்தார். பழைய ஸ்டீயரிங் காலம் இப்போது அவர் வீட்டுப் பரணில் சாக்குப்பையில் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம். சில பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை; இணையவழியிலும் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. வணிகப் பயன்பாடு என்று சொல்லி அவரை விரட்ட முடியாது, ஏனெனில் சுயதொழிலால் வாழ்க்கை நடத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது எழுத்தில் இருப்பதோடு சரி.

நான் தொடக்கத்தில் சொன்ன இடைவெளி இங்குதான் வருகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் பற்றிய வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம். ஆனால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரித்து, அந்த நிபந்தனையே செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே தரப்பட்டுள்ளது. ஆசிரியை தமக்கு நேர்ந்தது சேவைக் குறைபாடு என்று சொல்லி மாவட்ட ஆணையத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார். அவர் வென்றாலும் அந்த நிபந்தனை புத்தகத்தில் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் அதே பணிமனையில் அதே பேனா வேறொருவரின் ஜாப் கார்டில் அதே வரியை எழுதும். நிபந்தனையையே எதிர்க்க வேண்டுமென்றால், அரை லட்சம் ரூபாய்ப் பிரச்சினைக்காக ஒருவர் மாநில ஆணையத்தின் படியேற வேண்டும். இதைச் செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஆகவே, மாவட்ட ஆணையங்களின் அதிகார வரம்புக்குள் வரும் வழக்குகளில் நியாயமற்ற நிபந்தனைகளைச் செல்லாதவை என்று அறிவிக்கும் அதிகாரத்தை அவற்றுக்கும் வழங்க 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துமாறு, நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையை வலியுறுத்த வேண்டும். சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமாவது ஓர் அறிவுறுத்தல் வெளியிடலாம்: வாரண்டியை மறுக்கும் எந்த நிறுவனமும், தவறிய சர்வீஸுக்கும் கெட்டுப்போன பாகத்துக்கும் உள்ள தொடர்பைப் பொறுப்பான பொறியாளர் ஒருவரின் கையெழுத்தோடு எழுத்தில் தர வேண்டும், தர முடியாவிட்டால் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தர வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.