அஞ்சலியில் விடுபட்ட கார்டு வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

திருமங்கலத்துக்காரரான மூத்த கணினிப் பொறியாளருக்குச் சென்ற இதழில் அஞ்சலி வெளியிட்டிருந்தீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்து, 1960களில் சென்னைக்குப் போய் ஐபிஎம் 1401 கணினி முன் உட்கார்ந்தவர் என்பதெல்லாம் சரி. ஆனால் ‘இரவு பகலாகப் புரோகிராம் எழுதினார்’ என்று ஒரே வரியில் அவர் வேலையை முடித்துவிட்டீர்கள். புரோகிராம் அதில் கால்வாசிதான். மீதியெல்லாம் கார்டு, அதாவது துளைகளாகத் தகவலைப் பதிக்கும் அட்டை.

1401இன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்து. 4,000, 8,000 உள்ளவையும் உண்டு. இன்று செல்போனில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்கே அது பற்றாது. ஓர் ஆலையின் சம்பளப் பட்டியலை உள்ளே வைத்து வரிசைப்படுத்த ஏது இடம்? காந்த டேப் இல்லாத அலுவலகங்களில் அந்த வேலை வெளியே, கார்டுகளைப் பிரித்து அடுக்கும் சார்ட்டர் என்ற மெஷினில் நடந்தது. ஒரு தொழிலாளிக்கு ஒரு கார்டு, 80 பத்தி; பத்திக்கு ஓர் எழுத்து அல்லது இலக்கம். சார்ட்டர் ஒரு சுற்றில் ஓர் இலக்கத்தைத்தான் பார்த்துப் பிரிக்கும். டோக்கன் எண் ஐந்து இலக்கமென்றால் ஐந்து சுற்று. முதலில் ஒன்றாம் இடம், அப்புறம் பத்தாம் இடம், கடைசியில்தான் பத்தாயிரம். புதிதாக வருகிறவர் பெரிய இலக்கத்தில் ஆரம்பிப்பார். அடுத்த சுற்றிலேயே முதல் சுற்று கலைந்துபோகும். 083 சார்ட்டர் நிமிடத்துக்கு 1,000 கார்டு தள்ளும். 4,000 கார்டுக்கு ஐந்து சுற்று, கணக்குப்படி 20 நிமிடம். கையால் அள்ளி அடுக்கும் நேரத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்! ஒவ்வொரு சுற்றிலும் சார்ட்டரின் அறை ஒவ்வொன்றிலும் விழுந்த கார்டுக் கட்டைத் தட்டி நேராக்கி விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். அந்தப் பத்தித் துளை வழியே வெளிச்சம் வந்தால் சரி. வராவிட்டால் நடுவே வேற்றுக் கார்டு புகுந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்மையான சோதனை. கார்டின் கனம் 0.007 அங்குலம். ஈரம் ஏறினால் உப்பும், ஓரம் வளையும். கார்டைப் படித்துக் கணினிக்குத் தரும் 1402 ரீடர் நிமிடத்துக்கு 800 இழுக்கிற வேகத்தில் ஒன்று மாட்டினால் பின்னால் வருவதும் அதன்மேல் ஏறி நசுங்கும். கிழிந்ததைப் பார்த்து முதலிலிருந்து பஞ்ச் செய்ய வேண்டியதுதான். இதற்கு வழி: மறுநாள் ஓட்டவேண்டிய பெட்டியை முதல் நாளே ஏசி அறைக்குள் வைத்துவிடுவது, அதுவும் தட்டில் இறுக்கி. போடுமுன் கட்டை விசிறிக் காற்றுவிட்டு, ஓரங்களைத் தட்டுவது. ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றினால் ஓரம் வெட்டுப்படும்; மாட்டுவதும் அதுதான். ஏசி மெஷினுக்கு மட்டும் என்று நினைத்துப் பெட்டிகளை வராந்தாவில் அடுக்கிய மேலாளர்கள் அந்தக் காலத்தில் நிறைய. மின்பொறியியல் படிப்பு கைகொடுத்தது இங்கேதான். ரீடர் நின்றால் புரோகிராமைக் குறை சொல்லுமுன் ஈரமானியையும் வோல்ட் மீட்டரையும் பார்க்கிறவர் அவர்.

புரோகிராம் கட்டின் மேல் விளிம்பில் சாய்வாக மைக்கோடு இழுத்து வைப்பதும் அவர் வழக்கம். கட்டு கைதவறிச் சிதறினால் கோட்டைச் சேர்த்தாலே வரிசை கூடிவிடும். திருத்திச் செருகிய புதுக் கார்டில் கோடு இராது. எது மாறியது என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

1978இல் ஐபிஎம் நாட்டைவிட்டுப் போன பிறகும் பழைய மெஷின்கள் ஓடின. அன்று அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சி பராமரித்தது.

ஒரு திருத்தம். படத்தில் அவர் முன்னால் இருப்பதைக் ‘கணினி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது 029 கார்டு பஞ்ச். துளை போடும், கார்டின் மேலே எழுத்தை அச்சிடும். கணக்கு எதுவும் போடாது. அடுத்த இதழில் மாற்றிவிடுங்கள்.

— பஞ்ச் கார்டு காலத்துப் பணியாளர்கள் சிலர், மதுரை