வேடந்தாங்கல்: குஞ்சுகளுக்கு இரையூட்டும் படங்கள்

வணக்கம் நண்பர்களே. பறவைப் படமெடுக்கப் போகிறோம்: பிப்ரவரி 8, ஞாயிறு, மதியம் 2.30, சரணாலய வாசல். ஏன் காலையில் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: நாம் நிற்கும் கரை மேற்கில். காலையில் வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும்.

1. குறைந்தது 300 எம்எம் லென்ஸ். மோனோபாட் (கேமராவுக்கான ஒற்றைக்கால் தாங்கி) போதும், கரையில் கூட்டம் இருக்கும்.

2. ஷட்டர் வேகம் 1/1250 நொடியைவிட மெதுவாக வேண்டாம். அபெர்ச்சரை (லென்ஸ் துளை அளவு) எஃப்8 வைத்தால் தாய், குஞ்சு இரண்டும் தெளிவாக வரும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

3. வெள்ளை இறகு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளி) அரை ஸ்டாப், அதாவது அரைப் படி, குறையுங்கள்.

4. ஒரே கூட்டைப் பிடித்துக் காத்திருங்கள். குஞ்சுகள் கத்தத் தொடங்கினால் விரல் பட்டனில் இருக்கட்டும். வர்ண நாரை மீனைக் கூட்டிலேயே கக்கும், குஞ்சுகளின் தலைகள் குனிந்துவிடும். அதற்கு முந்தைய நொடிதான் படம். கூழைக்கடா (பெலிகன்) குஞ்சோ தாயின் அலகுப் பைக்குள் தலையையே விட்டுவிடும். அங்கே தாயின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வெயில் அதிகமானால் நாரை இறக்கை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். எனக்கு இரையூட்டலைவிட இதுதான் பிடிக்கும்.

5. ஃபிளாஷ், ட்ரோன், பதிவுசெய்த பறவைக்குரலை ஒலிக்கவிடுவது எதுவும் கூடாது. கைதட்டிப் பறக்கவிடுபவர் அடுத்த முறை வரவேண்டாம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரோடு, காரில் எத்தனை இடம் காலி என்றும் பதிலிடுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போட்டால் கணக்கில் வராது.